மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? குடும்பக் கார் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஷோரூமில் “ஆட்டோமேட்டிக்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்தப் பெயரில் விற்பது நான்கு வெவ்வேறு இயந்திரங்கள்: ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர் (torque converter), சிவிடி, டிசிடி. ஒவ்வொன்றும் என்ன என்பது மூன்றாம் பகுதியில். நான்கிலும் கிளட்ச் பெடல் இருக்காது. ஒற்றுமை அதோடு சரி. விலை, மேட்டில் நடந்துகொள்ளும் விதம், எது முதலில் தேயும், தேய்ந்தால் எவ்வளவு செலவு என எல்லாமே மாறும். ஆட்டோமேட்டிக் வாங்கி வருத்தப்படுகிறவர்களில் பலர் தங்கள் பாதைக்குப் பொருந்தாத ஆட்டோமேட்டிக்கை வாங்கியவர்கள்தான். அதனால் மாடலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

1. ஒரு வாரம் குறித்து வையுங்கள்

கார் எந்தப் பாதையில் ஓடப்போகிறதோ அந்தப் பாதையின் தூரத்தையும் ஆகும் நேரத்தையும் ஏழு நாள் எழுதுங்கள். இப்போது பைக்கில் போகிறவர் என்றால், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில் மொபைல் மேப்பில் கார் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பாருங்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும்.

18 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் உங்கள் இடது காலுக்குக் கடுமையான உழைப்பு காத்திருக்கிறது. சராசரி 20-க்குக் கீழே இருந்தால் ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. 35-க்கு மேலே என்றால், அதாவது திண்டுக்கல், நாமக்கல் போன்ற ஊரில் இருந்துகொண்டு மாதம் இரண்டு முறை பைபாஸில் போகிறவர் என்றால், கிளட்சை மிதிக்கும் நேரமே குறைவு. அங்கே மேனுவல் எந்தத் தொல்லையும் தராது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த கேள்விதான் முடிவைச் சொல்லும்.

2. வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள்?

“நான்தான் ஓட்டப்போகிறேன்” என்று சொல்லி மேனுவல் வாங்கிய வீட்டில், ஓட்டத் தெரிந்த இன்னொருவர் சாவியைத் தொடாமலேயே வருடங்கள் போய்விடும். பள்ளிக்குப் பிள்ளையை விடுவது, அப்பாவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது என்று வண்டியை எடுக்க வேண்டிய நேரங்களில் அவர் ஆட்டோ பிடிப்பார். ஓட்டத் தயங்குகிறவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருடைய வசதிக்கே முதலிடம் கொடுங்கள். இடது முழங்காலில் தேய்மானமோ இடுப்பில் டிஸ்க் தொந்தரவோ உள்ளவருக்கு மேனுவலைப் பரிந்துரைக்க எந்தக் காரணமும் இல்லை.

வெளியூர்ப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வைக்கும் வழக்கம் உண்டா? மேனுவலை எல்லாரும் ஓட்டுவார்கள். ஆட்டோமேட்டிக் என்றால் “முன்னாடி ஓட்டியிருக்கீங்களாண்ணே” என்று கேட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர் கையில் ஏஎம்டியின் கிளட்ச் பிளேட் ஒரே மலைப் பயணத்தில் கருகத் தொடங்கும்.

இந்தியாவில் காருக்கான லைசென்ஸில் மேனுவல், ஆட்டோமேட்டிக் என்ற பிரிவு கிடையாது. சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்கில் தேர்ச்சி பெற்றால் 3ஏ பிரிவு. அதை வைத்துக்கொண்டு மேனுவல் ஓட்ட முடியாது. பிரிட்டனிலும் ஆட்டோமேட்டிக்கில் தேறியவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும்தான். வெளிநாடு போகும் எண்ணம் உள்ள பிள்ளைகள் வீட்டில் எந்தக் கார் இருந்தாலும் மேனுவலில் பழகி வைப்பது நல்லது.

3. நான்கு இயந்திரங்கள்

ஏஎம்டி: உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு சிறு கணினியும் ஆக்சுவேட்டர் என்ற இயக்கியும் செய்கின்றன. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்து, சிறிய கார் வாங்குகிறவருக்கும் ஆட்டோமேட்டிக்கை எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது இதுதான். மாருதி இதற்கு ஏஜிஎஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. கூடுதல் விலை சுமார் 45,000 முதல் 60,000 ரூபாய்.

மேனுவலின் மைலேஜ் இதில் அப்படியே கிடைக்கும், சில மாடல்களில் ஒரு பிடி கூடவே. 2024-இல் வந்த டிசையரின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் மேனுவலில் 24.79, ஏஎம்டியில் 25.71 கிலோமீட்டர். குறை என்னவென்றால், கியர் மாறும் அந்த நொடியில் இன்ஜினின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாது. வண்டி லேசாகத் தயங்கும். உட்கார்ந்திருப்பவர் தலை ஒரு முறை ஆடும். ஓட்டுபவருக்குப் பழகிவிடும், பின்சீட்டில் இருக்கும் பாட்டிக்குப் பழகாது. கியர் மாறப்போகும் நேரத்தில் ஆக்சிலேட்டரை இம்மியளவு தளர்த்திக் கொடுத்தால் அந்த ஆட்டம் பாதியாகக் குறையும்.

பெரிய குறை மேட்டில்தான். கிளட்ச் பிளேட் ஒன்றுதான், அதுவும் காற்றில் மட்டுமே ஆறுவது. ஏற்றத்தில் ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் அது பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் ஓடும். மேனுவலில் ஹாஃப் கிளட்ச் பிடிப்பது போல. சூடேறினால் முதலில் கருகல் வாடை வரும், பிறகு நகரும்போது அதிர்வு வரும். பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸில் மேலே ஏற வேண்டிய வீடு உங்களுடையது என்றால் ஏஎம்டியை நீங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய, நிதானமான தொழில்நுட்பம். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிறைந்த ஒரு கூடு. அதற்குள் இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றும், அந்த ஓட்டம் எதிரே உள்ள விசிறியைத் திருப்பும். பிரேக்கை விட்டதும் வண்டி தானே மெல்ல நகரும். நகரத் தொடங்கும்போது உரசுவதற்குக் கிளட்ச் பிளேட் இல்லாததால் ஊர்ந்து போகும் டிராஃபிக்கை இது பொருட்படுத்தாது. பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்யூவி700, டீசல் கிரெட்டா ஆகியவற்றில் இருப்பது இந்த வகை. கூடுதல் விலை பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல். மைலேஜ் மோசமாகும் என்ற பேச்சு பழைய நான்கு கியர் பெட்டிகளின் காலத்தது. எர்டிகாவில் மேனுவலுக்கு 20.51, ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு 20.30 என்பதே சான்றளிக்கப்பட்ட அளவு. நெரிசலில் வித்தியாசம் இதைவிடக் கூடத் தெரியும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை.

சிவிடி: இதில் கியர்களே கிடையாது. அகலம் மாறும் இரண்டு கப்பிகள், அவற்றுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டை. அமேஸ், சிட்டி, எலிவேட் ஆகியவற்றில் இருப்பது இதுதான்; கிரெட்டாவில் ஐவிடி என்று சொல்வதும் இதுவே. நகரத்தில் இவ்வளவு மென்மையாக ஓடுவது வேறெதுவும் இல்லை, பின்சீட்டுக்காரருக்குக் கியர் மாறுவதே தெரியாது. பைபாஸில் ஓவர்டேக் செய்ய அழுத்தி மிதித்தால் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் பிறகு வரும். ரப்பரை இழுத்து விட்டது போல இருக்கும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு இது ஒரு குறையாகவே படாது. அவசரக்காரர்கள் வாங்க வேண்டாம்.

டிசிடி: ஒன்று, மூன்று, ஐந்துக்கு ஒரு கிளட்ச், இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொன்று. அடுத்த கியர் முன்பே தயாராக இருப்பதால் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறும். பைபாஸில் ஓட்டி மகிழ இதற்கு ஈடில்லை. இதிலே உலர் கிளட்ச், எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்று இரண்டு உண்டு. வாங்கும்போது எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உலர் கிளட்ச் வகை, தினமும் ஒரு மணி நேரம் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடேறும்; கியர்பாக்ஸ் சூடு என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். டாடா தன் ஆல்ட்ராஸில் தந்தது நனைந்த வகை. ஹூண்டாயின் ஏழு கியர் டிசிடியும், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1.5 லிட்டர் கார்களில் வரும் ஏழு கியர் பெட்டியும் உலர் வகை. வாரன்ட்டி முடிந்தபின் பழுதானால் நான்கு வகையிலும் அதிகம் செலவு வைக்கக்கூடியது டிசிடிதான்.

இவை தவிர ஐஎம்டி என்று ஒன்று 2020-இல் ஹூண்டாய் வென்யூவில் வந்தது. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரை நீங்களே மாற்ற வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து ஆட்டோமேட்டிக் என்று நினைத்துவிட வேண்டாம். எலெக்ட்ரிக் காரில் கிளட்சோ கியர் மாற்றமோ எதுவும் இல்லை. வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உள்ளவர் இந்தத் தலைவலி முழுவதையும் தாண்டிப்போகலாம்.

4. பணக் கணக்கு: சாலை வரியை மறக்காதீர்கள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி மாறியது. வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் 10 லட்சம் என்ற கோடுதான் ஆட்டோமேட்டிக் வாங்குகிறவரின் காலை வாரும்.

ஒரு மாதிரிக் கணக்கு. மேனுவல் விலை 9,30,000 ரூபாய் என்றால் வரி 1,20,900. அதே காரின் ஆட்டோமேட்டிக் 10,60,000 என்றால் வரி 1,90,800. ஷோரூம் விலையில் 1,30,000 வித்தியாசம், கையிலிருந்து போவதோ 1,99,900. பதிவு எண்ணுக்கு முன்பே 70,000 ரூபாய் கூடுதலாகக் கரைந்துவிட்டது. அதனால் இரண்டுக்கும் ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். கோட்டை ஒட்டி இருந்தால் ஒரு வேரியன்ட் கீழே இறங்கி அதே ஆட்டோமேட்டிக்கை வாங்குவது புத்திசாலித்தனம். சன்ரூஃபைத் திறக்கும் நாள்கள் நம் வெயிலில் எத்தனை?

பெட்ரோல் செலவை மிகைப்படுத்திப் பேசுவார்கள். வருடம் 12,000 கிலோமீட்டர், மேனுவல் லிட்டருக்கு 13, ஆட்டோமேட்டிக் 12 கொடுக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 77 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் வருடத்துக்கு 7,800 ரூபாய், மாதம் 650.

மறுபக்கம், மேனுவலும் இலவசமில்லை. நெரிசலில் ஓடும் சிறிய பெட்ரோல் காருக்கு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றினால் கூலியோடு பத்தாயிரம் ரூபாய் முன்பின் ஆகும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டால், அது போகும்போது கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், கூலி இரண்டாவது முறை.

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, நனைந்த டிசிடி ஆகியவற்றுக்கு கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றும் செலவு உண்டு. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். “லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்” என்று யாராவது சொன்னால் கையேட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். சிவிடியில் அதற்கென்று உள்ள எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது. சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கத் தொடங்கும்.

5. டெஸ்ட் டிரைவில் என்ன பார்க்க வேண்டும்

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. அதே மாடலின் மேனுவலையும் ஆட்டோமேட்டிக்கையும் ஒரே நாளில் கேளுங்கள். வீட்டிலிருந்து மூன்று பேரை ஏற்றுங்கள், ஏசியை ஓட விடுங்கள். தனியாள் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் பறக்கும்.

முதலில் சமதளத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வண்டி தானாக, சீராக நகர வேண்டும். உதறினால் அது டிராஃபிக்கில் தினமும் உதறும். அடுத்து ஒரு சரிவு: மேம்பாலத்தின் ஏற்றமோ, ஜவுளிக்கடையின் பேஸ்மென்ட் பார்க்கிங் பாதையோ. பாதியில் நிறுத்தி, பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றுங்கள். ஹில் ஹோல்ட் இருந்தால் இரண்டு நொடி பிடித்து வைக்கும். இல்லாத ஏஎம்டி பின்னால் உருளும். பின்னால் டூவீலர்காரர் ஒட்டி நிற்கும் ஊரில் ஹில் ஹோல்ட் இல்லாத ஏஎம்டி வேண்டவே வேண்டாம். அதே சரிவில் ரிவர்ஸிலும் ஏறிப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பிறகு திறந்த சாலையில் 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். மிதித்ததற்கும் வண்டி பாய்வதற்கும் இடையிலுள்ள தயக்கத்தை மனதுக்குள் எண்ணுங்கள். ஒற்றைச் சாலையில் லாரியை முந்தும்போது நீங்கள் நம்பியிருக்கப்போவது அந்த நேரத்தைத்தான். கடைசியாகப் பின்சீட்டில் ஐந்து நிமிடம் உட்காருங்கள், வேறு யாராவது ஓட்டட்டும்.

மேனுவலைச் சோதிக்கும்போது முதுகை சீட்டில் நன்றாகச் சாய்த்து, கிளட்சைத் தரைவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். வீட்டில் குள்ளமானவர் கிளட்சை எட்ட சீட் நுனிக்கு வர வேண்டியிருந்தால் அந்தக் கார் அவருக்கு இல்லை.

6. எதை வாங்குவது?

தினமும் நெரிசல், வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவார்கள், பட்ஜெட் இடம் கொடுக்கிறது: டார்க் கன்வெர்ட்டர் அல்லது சிவிடி. இரண்டில் எது என்றால், அடிக்கடி முழுப் பாரத்தோடு மலைக்குப் போகிறவருக்கு முதலாவது, நகரத்தை விட்டு அதிகம் வெளியேறாதவருக்கு இரண்டாவது. பட்ஜெட் இறுக்கம், பாதை சமதளம் என்றால் ஏஎம்டி தாராளமாகப் போதும்; அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் பலர் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்காதவர்கள். ஓட்டுவதில் ஆசை, பைபாஸ் அதிகம், ஐந்தாறு வருடத்தில் விற்றுவிடுவேன் என்றால் டிசிடி. சர்வீஸ் சென்டர் 60 கிலோமீட்டர் தள்ளி, உள்ளூர் மெக்கானிக்தான் துணை, 15 வருடம் வைத்திருக்கப் போகிறோம் என்றால் மேனுவல்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம். மேனுவலில் 40 வேகத்தில் நான்காம் கியர் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, விலையில் பத்தாயிரம் குறையுங்கள். ஏஎம்டியில் முதல் கியரில் நகரும்போது அதிர்வு, டிசிடியில் ஊரும்போது உதறல், டார்க் கன்வெர்ட்டரில் ‘டி’ (டிரைவ்) போட்டதும் ‘டக்’ என்ற அடி ஆகியவை எச்சரிக்கைகள். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியதற்கான பில் இல்லாத சிவிடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

7. ஆட்டோமேட்டிக் வீட்டுக்கு வந்த பிறகு

இடது காலை ஓரத்திலுள்ள ஓய்வுப் பலகையில் வைத்து, அங்கேயே விட்டுவிடுங்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு மட்டும். மேனுவலில் பழகிய இடது கால், பதற்றத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடும். உள்ளே இருப்பவர் முன் கண்ணாடியில் மோதுவார். முதல் இரண்டு நாள் காலி மைதானத்தில் பழகுங்கள்.

‘டி’யிலிருந்து ‘ஆர்’ (ரிவர்ஸ்) மாற்றும்போது வண்டி முழுக்க நின்றிருக்க வேண்டும். பார்க் செய்யும்போது வரிசை முக்கியம்: பிரேக்கை மிதித்து, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கை விட்டு வண்டி அசைந்து நின்றபின் மறுபடி மிதித்து ‘பி’ (பார்க்) போடுங்கள். ‘பி’ என்பது கியர்பாக்ஸுக்குள் விழும் ஒரு சிறு கொக்கி மட்டுமே. சரிவில் மொத்த எடையையும் அதன்மேல் தொங்கவிட்டால் எடுக்கும்போது ‘தட்’ என்று அடிக்கும். ஏஎம்டி பலவற்றில் ‘பி’யே இருக்காது. அதில் ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் விட்டு இன்ஜினை அணைக்க வேண்டும்.

உலர் டிசிடி, ஏஎம்டி ஓட்டுகிறவர் நெரிசலில் முன்வண்டியோடு ஒட்டி ஒட்டி நகராமல், ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். முழுக்க நகர்ந்தால் கிளட்ச் முழுக்க ஒட்டும், சூடேறாது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது ‘டி’யில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் வையுங்கள்; சிவிடியில் ‘எல்’ அல்லது ‘எஸ்’. நியூட்ரலில் இறக்குவது பெட்ரோலை மிச்சம் பிடிக்காது. கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நிற்கும். நியூட்ரலில் அது ஐடிலில் குடித்துக்கொண்டே இருக்கும்.

பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, அதனால் ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். வழியில் நின்றால் முன்சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் சுழலும். அது இல்லாமல் பற்கள் எண்ணெய் இன்றி உரசும். காரை மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்.

டிசம்பர் மழையில் சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால், இன்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆனாலும் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் சிவப்பு எண்ணெய் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் அங்கேயே எண்ணெயை முழுக்க இறக்கச் சொல்லுங்கள்.